தேனீப் பெட்டிக்கு சோலார் வேலி: மெஷினை விட மண்ணைக் கவனியுங்கள்

பெங்களூரில் வேலை, கனகபுரா ரோட்டிலோ ஆனேக்கல் பக்கமோ ஒரு ஏக்கர் தோட்டம், சனி ஞாயிறில் விவசாயம் என்று இருக்கும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். கொஞ்சம் மா, கொய்யா, நாலு பாத்தி காய்கறி, ஓரமாகச் சில தேனீப் பெட்டிகள். காட்டுப்பன்றியும் கரடியும் உள்ளே வராமலிருக்க இவர்களுக்கு சோலார் வேலி போட்டுக் கொடுப்பது என் தொழில். போன் எடுத்ததும் வரும் முதல் கேள்வி, “அண்ணே, எத்தனை வோல்ட் மெஷின் போடலாம்?” காசெல்லாம் மெஷினுக்குப் போகிறது. வேலி தோற்பதோ பெரும்பாலும் எர்த்தில்.

தயங்கித் தயங்கி இன்னொரு கேள்வியும் வரும். “ராத்திரி மட்டும் மோட்டார் ரூம்லேருந்து நேரா ஒரு வயர் இழுத்து விட்டுட்டா?” கூடவே கூடாது. வீட்டு லைன் 230 வோல்ட், நிற்காமல் ஓடும். பிடித்த கை இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் முடியாது. சோலார் வேலியின் மெஷின் (எனர்ஜைசர்) 5,000, 8,000 வோல்ட் என்று கொடுத்தாலும், அது துடிப்புத் துடிப்பாகத்தான் வரும். ஒரு துடிப்பு நொடியில் நூறில் ஒரு பங்குகூட நீடிக்காது. அடுத்ததற்குச் சுமார் ஒரு நொடி இடைவெளி. அந்த இடைவெளியில்தான் மனிதரும் மிருகமும் விலகிப் பிழைக்கிறார்கள். மெஷின் வாங்கும்போது ஐ.எஸ். 302-2-76 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். நேரடி லைனில் யானையோ கரடியோ செத்தால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. ஆனால் இப்படிப்பட்ட வேலியில் முதலில் சிக்குவது பெரும்பாலும் பக்கத்துத் தோட்டக்காரரோ, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் நம் ஆளோதான்.

சரி, எர்த்துக்கு வருவோம். கம்பியில் கிளம்பும் மின்சாரம் பன்றியின் உடல் வழியாக மண்ணுக்கு இறங்கி, எர்த் ராடு வழியாக மெஷினுக்குத் திரும்பினால்தான் ஷாக் அடிக்கும். இந்தப் பக்கத்துச் செம்மண் மார்ச், ஏப்ரலில் காய்ந்து ஓடாகிவிடும். மின்சாரம் திரும்பி வர வழியிருக்காது. ஹாரோஹள்ளி அருகே ஒரு தோட்டத்தில், பன்றி நிற்கவில்லை என்று மெஷினை இன்னும் பெரிதாக மாற்றியிருந்தார்கள். விளக்கும் சமர்த்தாக மின்னிக்கொண்டிருந்தது. எர்த் என்று பார்த்தால், இரண்டடி இரும்புக் கம்பி ஒன்றைச் சுவரோரம் குத்தி வைத்திருந்தார்கள்! ஈரம் தங்கும் இடமாகப் பார்த்து, பத்தடிக்கு ஒன்றாக மூன்று ஆறடி ராடுகளை இறக்கி இணைத்தோம். அப்புறம் கம்பிகளில் ஒன்றுவிட்டு ஒன்றை எர்த் கம்பியாக்கினோம். இப்படிச் செய்தால் காய்ந்த மண்ணிலும், இரண்டு கம்பியும் ஒன்றாக மேலே படும்போது ஷாக் அடிக்கும்.

உங்கள் எர்த்தை நீங்களே சோதிக்கலாம். மெஷினை அணைத்துவிட்டு, நூறு மீட்டர் தள்ளி இரண்டு மூன்று இரும்புக் கம்பிகளை மண்ணில் குத்தி வேலியில் சாய்த்து வையுங்கள். மறுபடி ஓடவிட்டால் வேலியின் வோல்டேஜ் 2,000க்குக் கீழே இறங்க வேண்டும். இப்போது வேலி வோல்டேஜ் காட்டும் டெஸ்டரை எர்த் ராடில் வைத்துப் பாருங்கள். 300 வோல்டுக்கு மேல் காட்டினால் ராடு போதவில்லை.

அடுத்தது புல். ஜூனில் மழை பிடித்தால் பார்த்தீனியம் ஒரே வாரத்தில் கம்பியைத் தொட்டுவிடும். தொட்ட ஒவ்வொரு செடி வழியாகவும் மின்சாரம் ஒழுகும். வேலி போட்டுவிட்டு ஆறு மாதம் எட்டிப் பார்க்காதவர்களிடம் நான் வேலை எடுப்பதில்லை. பணமும் வீண், பெயரும் கெடும்.

எந்த மிருகம் என்பதைப் பொறுத்துக் கம்பி மாறும். பன்றிக்கு ஒரு சாண் உயரத்தில் முதல் கம்பி, இன்னொரு சாண் மேலே அடுத்தது. அதற்கும் கீழே தரையோடு ஒட்டி இழுக்காதீர்கள். அழுங்கும் (எறும்புத்தின்னி) ஆமையும் ஷாக் அடித்தால் ஓடாமல் அங்கேயே சுருண்டுகொள்ளும். குரங்குக்கு இந்த வேலி சரிப்படாது, மரக்கிளை வழியாக வந்துவிடும். பன்னேர்கட்டா காட்டிலிருந்து ராகி விளையும் நேரத்தில் இறங்கும் யானைக்கும் இதை நம்பாதீர்கள். தந்தத்தில் மின்சாரம் சரியாகப் பாயாது என்பதால், தந்தத்தாலேயே கம்பியை அறுத்துவிடும் கெட்டிக்கார யானைகள் உண்டு. அது வனத்துறையிடம் பேச வேண்டிய விஷயம்.

தேனீப் பெட்டிக்கு எதிரி கரடி. ராமநகரம், மாகடி பக்கத்துப் பாறைக் குன்றுகளில் கரடி உண்டு. (வேடிக்கை என்னவென்றால், 2021இல் காதி கிராமத் தொழில் ஆணையம் குடகில் யானையை விரட்டத் தேனீப் பெட்டிகளையே வேலியாக வைத்தது.) கரடிக்கு உடம்பெல்லாம் சடை. முதுகிலோ தோளிலோ கம்பி பட்டால் அதற்கு உறைக்காது. மூக்கில் பட வேண்டும். அதனால் ஒரு சாண் இடைவெளியில் ஐந்து கம்பிகள், நாலடி உயரம் வரை. பெட்டிகள் வேலியிலிருந்து குறைந்தது மூன்றடி உள்ளே இருக்கட்டும். இல்லாவிட்டால் வெளியே நின்றபடியே கைவிட்டு இழுத்துவிடும். பெட்டி திறக்கும்போது மெஷினை அணைப்பதை யாரும் மறப்பதில்லை, திரும்பப் போடுவதைத்தான் மறக்கிறார்கள். புகை போட்டு, அடை எடுத்து, கை பிசுபிசுவென்று காருக்குப் போகும் அவசரத்தில் சுவிட்ச் நினைவுக்கு வராது. சுவிட்சை மோட்டார் ரூமில் வைக்காமல் கேட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்வது அதனால்தான். பழைய மெழுகு, உடைந்த அடை எதையும் வேலிக்கு வெளியே வீசாதீர்கள். பெட்டி வந்து இறங்கும் நாளுக்கு முன்பே வேலி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு தடவை தேன் ருசி கண்ட கரடி, அதற்கப்புறம் போடும் வேலியை மண்ணைத் தோண்டியாவது தாண்டப் பார்க்கும்.