ரொமான்ஸுக்குத் தமிழ் என்ன?

"என்ன, ரொமான்ஸா?" என்று எங்கள் பாம்பனில் கேட்டால் அது கேலி. ரோட்டுப் பாலத்தில் இரண்டு பேர் ஒட்டி நின்றால் போதும், போகிற பஸ்ஸிலிருந்தே குரல் வரும். நானும் அந்தச் சொல்லை அந்த அளவில்தான் வைத்திருந்தேன், போன மீன்பிடித் தடைக்காலம் வரைக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. சும்மா கிடந்த ஒரு சாயங்காலம், அப்பத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்து செல்போனில் 'ரோமன் ஹாலிடே' போட்டேன். 1953இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், பாதியில் தூங்கிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஒரு இளவரசி ரோம் நகரத்தில் ஒரு நாள் ஒளிந்து திரிகிறாள். கூடவே ஒரு பத்திரிகைக்காரன். கடைசியில் நிருபர்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தபடி வருகிறாள். அவன் முறை. எல்லாருக்கும் போல அவனுக்கும் ஒரு மரியாதை வார்த்தை, அவ்வளவுதான். அடுத்த ஆளிடம் போய்விடுகிறாள். மண்டபம் காலியாகி அவன் மட்டும் நடக்கிறான். இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாத அப்பத்தா, "திரும்பிப் பாப்பான் பாரு" என்றது. பார்த்தான்.

அந்தத் தலைப்பில் இருக்கிற 'ரோமன்'தான் ரொமான்ஸுக்கும் வேர். படித்தவர்கள் எழுதியது லத்தீன். சனங்கள் பேசியதை 'ரோமானிகே', அதாவது ரோமர் வழக்கு, என்றார்கள். பழைய பிரெஞ்சுக்கு வந்தபோது அது பேச்சுமொழியின் பெயர். 12ஆம் நூற்றாண்டில் அந்த மொழியில் சொன்ன வீரர் கதைகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது: குதிரை, வாள், கோட்டை, நடுவில் ஒரு பெண். ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் காதல் கதை என்ற பொருள் ஏறியது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இன்றைக்கும் 'ரோமான்' என்றால் நாவல்.

தமிழில் கை முதலில் 'காதல்' மேல்தான் போகும். அது உணர்ச்சியின் பெயர், கதையின் பெயர் இல்லை. பழைய தமிழில் அதன் அகலமும் பெரிது. காதலன் என்றால் மகன், காதலி என்றால் மகள் என்றும் பொருள் உண்டு. படவகையைச் சொல்ல 'காதல் படம்' போதும். ஜெமினி கணேசனைக் காதல் மன்னன் என்றுதானே சொன்னோம். 'காதற்புனைவு' என்று எழுதலாம், டீக்கடையில் வாயில் வராது.  

ஆனால் அன்றைக்கு என்னைத் தூங்கவிடாத சங்கதிக்கு 'காதல்' பொருந்தவில்லை. அதற்கான சொல்லைத் தொல்காப்பிய மரபு நம் கரைக்கே கொடுத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு நிலத்துக்கும் காதலின் ஒரு நிலை: குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல். கடலோரமான நெய்தலுக்கு இரங்கல், அதாவது பிரிந்தவரை நினைத்து வருந்துவது. பொழுது எற்பாடு: 'எல்' என்றால் சூரியன், 'பாடு' என்றால் சாய்வது. பக்கத்து ஊரான மண்டபத்தின் கடற்கரையில் ஆறு மணிக்கு நின்று பார்த்தவனுக்கு இதற்கு உரை வேண்டாம்.

ஒரு சிக்கல். இரங்கலை இன்றைக்குச் சாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். 'இரங்கல் படம்' என்று போட்டால் மாலையோடு வந்துவிடுவார்கள்.

உயிரோடு இருக்கிற சொல் அப்பத்தா வாயிலிருந்துதான் வந்தது. படம் முடிந்ததும், "பாவம், ஏங்கிப் போய்ட்டான்" என்றது. தாத்தா வல்லத்தில், அதாவது நாட்டுப் படகில், போன காலத்தில் கச்சான் என்கிற மேல்காற்று ஏறினால் கரையில் போய் நின்ற ஆள் அது. ஏக்கம். எனக்கு அகராதி மூடியது அங்கேதான்.

மறுநாள், "அதே மாரி ஏங்குறது இன்னொன்னு போடுடா" என்றது. ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு', 1959. அதிலும் கடைசியில் கதாநாயகன் தனியாக நடந்துதான் போகிறான்.