அமெரிக்கப் பெண்கள் வரலாற்று அருங்காட்சியகம்: சட்டம் வந்தது, நிலம் வரவில்லை

அமெரிக்கப் பெண்களின் வரலாற்றுக்கென வாஷிங்டனில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைக்கும் சட்டம் 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தானது. அந்தச் செய்தியோடு கட்டட வேலையும் தொடங்கிவிட்டது என்று நம்பி, நன்கொடை அனுப்பவும் வீட்டில் காத்துவைத்த பொருள்களைக் கொடுத்துவிடவும் முன்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வாஷிங்டனில் தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கீழ் அருங்காட்சியகம், அதற்கு ஆலோசனை சொல்ல 25 பேர் கொண்ட குழு, கட்டும் செலவில் பாதியை அரசு தரும் என்ற உறுதி ஆகியவை சட்டத்தில் உள்ளன. மறுபாதியைத் தனியாரிடம் திரட்டிக்கொள்ள வேண்டும். நிலத்தைப் பற்றி, இரண்டு ஆண்டுகளுக்குள் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று காலக்கெடு விதித்ததே தவிர, எந்த நிலத்தையும் சட்டம் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

ஸ்மித்சோனியன் நிர்வாகக் குழு கெடு முடியும் முன்பே, 2022 அக்டோபரில், இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒன்று ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு எதிரே உள்ளது; மற்றது டைடல் பேசின் ஏரிப் பக்கம். இரண்டுமே, வாஷிங்டன் நகரின் நடுவே உள்ள ‘ரிசர்வ்’ எனப்படும் பகுதிக்குள் வருகின்றன. அங்கே இனிப் புதிய நினைவுச் சின்னங்கள் எழக் கூடாது என்று 2003-இல் வாசலை அடைத்தது இதே நாடாளுமன்றம். ஆகவே, அருங்காட்சியகம் கட்டச் சொன்ன நாடாளுமன்றமே, அதைக் கட்ட நிலம் தருவதற்கு இன்னொரு சட்டம் இயற்ற வேண்டும். அந்த மசோதா ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களின் மேசைக்குப் போக வேண்டும்; இரண்டாண்டுக் கூட்டத்தொடர் முடிவதற்குள் நிறைவேறாவிட்டால் காலாவதியாகும்; பிறகு முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தாக்கல் செய்ய வேண்டும்.

இந்த அலைக்கழிப்பு புதிதல்ல. பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்த கரோலின் மலோனி 1998-இலிருந்து இதற்காக மசோதா கொண்டுவந்தார். 2014-இல் நாடாளுமன்றம் ஓர் ஆய்வுக் குழுவை நியமித்தது. ஆனால் அரசுப் பணம் ஒரு காசும் தராமல், நன்கொடை திரட்டி ஆய்வை நடத்திக்கொள்ளச் சொன்னது. 2020 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை 374-க்கு 37 என்ற கணக்கில் மசோதாவை நிறைவேற்றியும், டிசம்பரில் செனட் சபையில் மைக் லீ என்ற ஒரே உறுப்பினரின் மறுப்பு அதை நிறுத்திவைத்தது. கடைசியில் வரவு செலவு மசோதாவோடு சேர்த்தே அது கரையேறியது. வாக்குரிமைக்குப் போராடிய மூன்று பெண்களின் சிலையை 1921-இல் நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் திறந்துவைத்து, உடனேயே நிலவறைக்கு இறக்கி, 1997-இல் தனியார் நன்கொடையைக் கொண்டு மேலே ஏற்றியவர்களும் இவர்கள்தான். பெண்களுக்கென்று வரும்போது அனுமதி ஒரு கையாலும், ‘செலவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற சொல் மறு கையாலும் நீட்டப்படுகின்றன.

நிலம் கிடைத்த பிறகும் தேசியத் தலைநகரத் திட்டக் குழு, நுண்கலைக் குழு ஆகியவற்றின் ஒப்புதல்கள் காத்திருக்கின்றன. ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு 2003-இல் சட்டமும் 2006-இல் இடமும் கிடைத்தன. கதவு திறந்தது 2016-இல்.

அமெரிக்காவில் வாக்குரிமை உள்ளவர்கள் தங்கள் உறுப்பினரிடம் ‘அருங்காட்சியகத்தை ஆதரிக்கிறீர்களா?’ என்று கேட்டு ஏமாற வேண்டாம். பெரும்பாலோர் ஆம் என்றே சொல்வார்கள். நிலம் தரும் மசோதாவை முன்மொழிந்தோர் பட்டியலில் அவருடைய பெயர் இருக்கிறதா, மசோதா எந்தக் குழுவில் தேங்கிக் கிடக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

பணம் அனுப்புகிறவர்கள் பெயரைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 1996-இல் தொடங்கிய ‘நேஷனல் விமன்ஸ் ஹிஸ்டரி மியூசியம்’ ஒரு தனியார் அறக்கட்டளை. இந்தச் சட்டத்தின்படி அமைவது ‘ஸ்மித்சோனியன் அமெரிக்கன் விமன்ஸ் ஹிஸ்டரி மியூசியம்’. முன்னது நல்ல பணி செய்யும் அமைப்புத்தான், ஆனால் அதற்குக் கொடுத்த பணம் பின்னதற்குப் போய்ச் சேராது. ரசீதில் எந்தப் பெயர் வருகிறது என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

பொருள் கொடுப்பதில் இன்னும் கவனம் தேவை. எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார், தம் தாயார் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்துச் சம்பளச் சீட்டுகளையும் தொழிற்சங்க அட்டையையும், துருவேறிய கிளிப்கூடக் கழற்றாமல், ஓர் அருங்காட்சியகத்தில் கொடுத்தார். நீட்டிய கொடைப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டார். அந்தப் பெட்டி கிடங்கில் இருக்கிறது, காட்சிக்கு வரவில்லை, பேத்தி பார்க்கக் கேட்டபோது முன்பதிவு செய்துகொண்டு வரச் சொன்னார்கள். சட்டப்படி அவர்கள் செய்ததில் தவறில்லை, ஏனென்றால் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்ட நொடியில் பொருள் அவர்களுடையதாகிவிடுகிறது. காட்சிக்கு வைப்போம் என்ற வாக்குறுதி அதில் இருக்காது.

ஆகவே எந்த அருங்காட்சியகத்துக்கும் கேட்காமல் பொருளை அஞ்சலில் அனுப்பாதீர்கள். முதலில் புகைப்படமும், யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்பும் போதும். அமெரிக்காவில் வரிச் சலுகை கேட்கும் எண்ணம் இருந்து, பொருளின் மதிப்பு 5,000 டாலரைத் தாண்டினால், தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் சான்று வேண்டும்; பெற்றுக்கொள்ளும் அருங்காட்சியகம் அதைத் தராது. வேண்டாம் என்று பிற்காலத்தில் ஒதுக்கினால் குடும்பத்துக்கே திருப்பித் தர வேண்டும் என்ற வரியைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், ஸ்கேன் செய்த படிகளைக் கொடுத்துவிட்டு மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.