சர்ச்சுவில் படுப்பதற்கு முன்

இமயமலையின் மணாலி–லே பாதையில் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்கள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயைத் தடுக்கும் மாத்திரையைப் பற்றித்தான். "டாக்டர், டயமாக்ஸ் போட்டுக்கிட்டா போதும்ல?" ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கணவாயின் உயரத்தைவிட, தூங்கும் இடத்தின் உயரம்தான் உடம்பைப் படுத்தும். 3,000 மீட்டருக்கு மேலே போனபின் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வும் வேண்டும். ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர். பலரும் அடுத்துத் தங்கும் சர்ச்சு 4,300-ஐ ஒட்டியது. காரில் போகிறவர்களின் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், தூங்கும் உயரம் ஒரே நாளில் சுமார் 1,100 மீட்டர் கூடும் இந்த வம்புதான். நடுவில் பட்சியோ (Patseo), ஜிங்ஜிங்பார் என்ற இரண்டு இடங்களிலும் ஒவ்வோர் இரவு தங்கினால் ஏற்றம் பிரிந்துவிடும்.

சர்ச்சுவில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. உயர நோய்க்குத் தலையாய மருந்து கீழே இறங்குவது. அங்கிருந்தோ எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறியாக வேண்டும்: மணாலி பக்கம் பாரலாச்சா லா கணவாய், லே பக்கம் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா கணவாய்.

தினமும் நூறு கிலோமீட்டர் மிதிப்பவருக்கும் விலக்கு இல்லை. கால் பலம் உள்ளவர்தான் சீக்கிரம் மேலே போய் மாட்டிக்கொள்கிறார். தலைவலி என்று வாய்திறக்கவும் மாட்டார்.

தலைவலியோடு குமட்டலோ சாப்பாட்டில் வெறுப்போ இருந்தால் அன்று மேலே போக வேண்டாம். சந்தேகமாக இருந்தால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்நுனியைத் தொடும்படி பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீக்கமாக இருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், கூடவே இருமலும் இருந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

டயமாக்ஸ் வழக்கமாக 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறத் தொடங்கும் முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். விரல் நுனி மரமரக்கும், சோடா சப்பென்று இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அவசர ஏற்றத்துக்கு இது லைசென்ஸ் இல்லை.

நோய் முற்றியவரைச் சைக்கிள் மிதிக்க விடாதீர்கள். உழைப்பு நுரையீரல் நீரை இன்னும் கூட்டும். வண்டியில் ஏற்றி, ஆக்சிஜன் இருந்தால் வழியெல்லாம் கொடுத்தபடி, கூட ஓர் ஆளோடு மணாலி பக்கமுள்ள கேலாங் ஊருக்கு இறக்குங்கள். சர்ச்சுவில் ஃபோன் சிக்னலை நம்ப முடியாது. ஆகவே அந்த வண்டிக்கு கேலாங்கிலேயே பேசி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.