ஒலி கடந்துவரும் தூரம்: டிரம் கோர் மைதானத்தில் கண்ணும் காதும்

அமெரிக்காவின் டிரம் கோர் போட்டிக் காணொளி ஒன்றைப் பார்த்த வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தார். மைதானத்தின் முன்கோட்டில் மாரிம்பா என்னும் மரக்கட்டை இசைக்கருவியைக் கோலால் தட்டி வாசிப்பவர்கள், எதிரே மேடையில் நின்று கையசைத்துத் தாளம் காட்டும் டிரம் மேஜரை ஏறிட்டும் பார்ப்பதில்லையே, ஏன் என்பது முதல் கேள்வி. இவ்வளவு ஓட்டமும் அணிவகுப்பும் கலந்த போட்டியில் இசைக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா, கண்ணைக் கவர்ந்தவர்களே வென்றுவிடுகிறார்களா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

டிரம் கோர் என்பது பித்தளை ஊதுகருவிகளும் முரசுகளும் கொடி சுழற்றுவோரும் சேர்ந்த, சுமார் 150 இளைஞர்கள் கொண்ட குழு. முன்னாள் படைவீரர் சங்கங்களின் ஆதரவில் வளர்ந்த இக்கலைக்கு, 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பு தன் முதல் சாம்பியன் போட்டியை நடத்தியது. மொத்த மதிப்பெண் 100. ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. ஆடுகளம் அமெரிக்கக் கால்பந்து மைதானம். நீளம் ஏறத்தாழ 91 மீட்டர், அகலம் 49 மீட்டர்.

அந்த அளவுகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும் என்பது பள்ளிப் பாடம். சிறிய அரங்கில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மைதானத்தில் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. இரண்டு கைப்பேசிகளில் நிமிடத்துக்கு 120 தட்டுகள் என்ற வேகத்தில் மெட்ரோனோம் என்னும் தாளங்காட்டியை ஒன்றாக ஓடவிட்டு, ஒன்றை நண்பரிடம் கொடுத்துவிட்டு மற்றொன்றுடன் நான் ஒருமுறை திறந்த மைதானத்தில் விலகி நடந்து பார்த்தேன். முதலில் ஒரே தட்டாகக் கேட்டது, போகப்போக இரண்டாகப் பிளந்தது. 86 மீட்டர் அளவில் நண்பரின் தட்டு என்னுடைய இரண்டு தட்டுகளுக்கு நட்டநடுவில் விழுந்தது. இரண்டு கருவிகளும் இம்மியும் பிசகவில்லை. இடையில் இருந்த காற்றுதான் கால் வினாடியை எடுத்துக்கொண்டது.

இப்போது ஸ்னேர் முரசு வாசிப்பவர்கள் முன்கோட்டிலிருந்து 40 மீட்டர் பின்னால் நிற்பதாகவும், மாரிம்பாக்கள் முன்கோட்டிலேயே இருப்பதாகவும், நடுவர்கள் அதற்கும் முன்னால் பார்வையாளர் மாடத்தின் உச்சியில் அமர்ந்திருப்பதாகவும் கொள்வோம். வேகம் நிமிடத்துக்கு 160 தட்டுகள் என்றால், ஒரு தட்டுக்கு 0.375 வினாடி. எல்லோரும் டிரம் மேஜரின் கையைப் பார்த்து ஒரே கணத்தில் அடிக்கிறார்கள் என்றால், மாரிம்பாவின் ஒலி முதலில் நடுவரிடம் போய்ச் சேரும்; ஸ்னேரின் ஒலி ஏறத்தாழ 0.117 வினாடி பிந்தித்தான் வரும். இது ஒரு தட்டின் கால் பங்கைவிட அதிகம். மேளம் போன்ற கூர்மையான ஒலிகளில் வினாடியின் ஆயிரத்தில் சில பத்துப் பங்குகள் விலகினாலே காது அதை இரண்டாகப் பிரித்துக் கேட்டுவிடும். கண்ணுக்குப் பிசிறில்லாத ஒற்றுமை, காதுக்குக் கந்தலாகிவிடும்.

இதற்குக் குழுக்கள் கண்டிருக்கும் தீர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 'பின்னால் கேள்' என்பதே பயிற்சியின் ஓயாத கட்டளை. முன்னால் இருப்பவர் கையைப் பார்க்காமல், முதுகுப்புறமிருந்து வரும் ஸ்னேரின் ஒலி தன் காதைத் தொடும் கணத்தில் வாசிக்கிறார். அவர் ஸ்னேருக்குப் பிந்தித்தான் அடிக்கிறார்; ஆனால் ஸ்னேரின் ஒலியலை அவரைக் கடந்து செல்லும் அதே கணத்தில் அவருடைய ஒலியும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. நடுவில் நிற்கும் டிரம்பெட்காரரும் அவ்வாறே செய்தால், பின்னிருந்து புறப்பட்ட அலை ஒவ்வொரு வரிசையையும் தாண்டும்போது அந்த வரிசையின் ஒலியையும் கூட்டிக்கொண்டு, எல்லாம் ஒன்றாக மாடத்தை அடைகிறது. மைதானத்தில் யாரும் ஒரே கணத்தில் வாசிக்கவில்லை, நடுவரின் காதிலோ எல்லோரும் ஒரே கணத்தில் வாசிக்கிறார்கள். வாசகர் கண்ட மாரிம்பாக் கலைஞர்கள் டிரம் மேஜரைப் பாராமல் இருந்ததன் காரணம் இதுதான்.

டிரம் மேஜரின் நிலை இன்னும் கடினமானது. தன் காதில் விழும் ஸ்னேர் ஒலிக்கேற்ப அவர் கையசைத்தால், ஸ்னேர்காரர்கள் தாமதமாக அசையும் அந்தக் கையைக் கண்டு வேகத்தைக் குறைப்பார்கள். குறைந்த வேகம் மீண்டும் தாமதமாக அவரிடம் வரும். சில தட்டுகளுக்குள் பாட்டே தளர்ந்து விழும். ஆகவே அவர் காதைப் பூட்டிவிட்டு, ஸ்னேர் வரிசையின் நடுவில் நிற்பவரின் பாதங்களைப் பார்த்துக் கையசைக்கிறார். ஒளிக்குத் தாமதமில்லை.

காட்சிக்கும் இசைக்குமான உண்மையான மோதல் இங்கேதான் வருகிறது. அணிவகுப்பை வடிவமைப்பவர் அழகுக்காக முரசுகளை முன்னால் கொண்டுவந்து, ஊதுவோரை 40 மீட்டர் பின்னால் தள்ளிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இருப்பவர் முரசைக் கேட்டு ஊதினால், முரசின் ஒலி அவரை அடைய 0.117 வினாடி, அவருடைய ஒலி முன்கோட்டுக்குத் திரும்ப இன்னொரு 0.117 வினாடி என்று பிழை இரட்டிப்பாகிவிடும். இப்போது அதே இளைஞர் காதில் விழுவதை நம்பாமல் கையை மட்டும் பார்க்க வேண்டும். அப்போதும் ஒருவழித் தாமதம் மிஞ்சும் என்பதால், கைக்குச் சற்று முந்தியே ஊதவும் வேண்டும். ஒரே நிகழ்ச்சியில், சில நொடிகளுக்கு ஒருமுறை, ஓடிக்கொண்டே, எதை நம்புவது என்பதை மாற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். 1983 முதல் 1985 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்ற கார்ஃபீல்ட் கேடட்ஸ் குழுவுக்கு ஜார்ஜ் ஜிங்காலி வரைந்த சமச்சீரற்ற, வளைந்தோடும் அணிவகுப்புகள் இக்கலையின் போக்கையே மாற்றின. அந்தப் புரட்சிக்கான விலையின் பெரும்பகுதியைச் செலுத்தியவை வாசிப்பவர்களின் காதுகளே.

நடுவரின் கண்ணும் நடுநிலையானதல்ல. 2013-இல் சியா-ஜுங் சே வெளியிட்ட ஆய்வில், மேற்கத்தியச் செவ்வியல் இசைப் போட்டிகளின் மூன்று இறுதிப் போட்டியாளர்களில் வென்றவர் யார் என்பதை, ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட ஒலியில்லாத காணொளியைப் பார்த்தவர்களே சரியாகக் கண்டுபிடித்தனர். தேர்ந்த இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கல்ல. 2007-இல் மைக்கேல் ஷூட்ஸும் ஸ்காட் லிப்ஸ்கோம்பும் மாரிம்பாவையே எடுத்துக்கொண்டு சோதித்தனர்: வாசிப்பவர் கையை நீளமாக வீசி அடித்தால் அந்த ஸ்வரமே நீண்டு ஒலிப்பதாகக் கேட்பவர்கள் சொன்னார்கள், கண்ணை விலக்கிக் கேட்டபோது வேறுபாடு மறைந்துவிட்டது. இத்தகைய ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கும்போது "இதனால் யாருக்கு என்ன பயன்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மனிதரை மனிதர் மதிப்பிடும் எந்த இடத்திலும் இதற்குப் பயன் உண்டு என்பதே என் பதில்.

ஆகவே வாசகரின் இரண்டாவது கேள்விக்கு, கண் காதை ஓரளவு வெல்லத்தான் செய்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் குழுக்களை நடுக்கோட்டில் அசையாமல் நிறுத்துவதை நான் விரும்பவில்லை. 70 மீட்டர் நீளத்துக்குச் சிதறி நின்றும் ஒரே தாக்காக ஒலிக்கும் ஒரு ஸ்வரம், நெருங்கி நின்று வாசித்த அதே ஸ்வரத்தைவிடப் பெரிய இசைச் சாதனை. அதை இசைக்கான மதிப்பெண்ணிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். சிதறி நின்று பிசிறடித்தால், வடிவம் எவ்வளவு அழகாயினும் கழிக்கவும் வேண்டும். 2004 முதல் அனுமதிக்கப்பட்ட ஒலிபெருக்கமும் 2009 முதல் வந்த மின்னணுக் கருவிகளும் முன்கோட்டிலிருந்து பேரோசை எழுப்பி இந்தப் பிசிறுகளை மூடிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கோடை முழுவதும் திறந்தவெளியில் பழகிய இந்தக் காதுகளுக்குக் கடைசிச் சோதனை இண்டியானாபொலிஸில் காத்திருக்கிறது. இறுதிப் போட்டி 2009 முதல் அங்குள்ள லூக்காஸ் ஆயில் அரங்கில் நடக்கிறது. கூரை மூடிய அந்த அரங்கில், ஸ்னேர் வரிசையிலிருந்து 60 மீட்டர் தொலைவிலுள்ள மாடத்தில் மோதித் திரும்பும் எதிரொலி 0.35 வினாடி கழித்து அவர்களையே வந்தடையும். நிமிடத்துக்கு 170 தட்டுகள் என்ற வேகத்தில் அது ஏறக்குறைய அடுத்த தட்டின் மேலேயே, ஒரு மயிரிழை முன்பின்னாக விழும். சொந்த ஒலியே தவறான தாளமாகத் திரும்பி வரும்போது, நடு ஸ்னேர்காரர் அதற்குச் செவிகொடுக்காமல் தன் பாதங்களின் வேகத்தை அப்படியே காக்க வேண்டும். டிரம் மேஜர் பார்ப்பதும் அந்தப் பாதங்களைத்தான்.