வைக்கோலை எரிக்காமல் விற்க ஒரு கூட்டு: 65 – 25 – 10

பஞ்சாப், ஹரியானா பக்கம் நெல் அறுவடை முடிந்து கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் கிடைக்கும். அறுவடை மெஷின் போன வயலில் அடித்தாள் அப்படியே நிற்கும், அதன் மேல் வைக்கோல் சிதறிக் கிடக்கும். அள்ள ஆளும் இல்லை, நாளும் இல்லை. அதனால்தான் தீ வைக்கிறார்கள். 2024 நவம்பரில் அபராதத்தை இரு மடங்காக்கினார்கள்; 2 ஏக்கருக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கே 5,000 ரூபாய். அபராதம் போட்டதும் வைக்கோல் தானாக வயலை விட்டுப் போய்விடுமா? அள்ளிக்கொண்டு போக ஒருவர் வேண்டும்.

அதற்குத்தான் மத்திய அரசின் பயிர்க்கழிவு மேலாண்மைத் திட்டம். 2018-19இல் தொடங்கியது. மெஷின் வாங்க தனி விவசாயிக்கு 50 சதவீத மானியம். கூட்டுறவுச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், ஊராட்சி போன்றவை மெஷினை வாடகைக்கு விடும் மையம் வைத்தால் 80 சதவீதம். சேர்ந்து கேட்பவருக்குக் கூடுதல் என்பது ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது.

2023இல் வந்த திருத்தம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வைக்கோலை வாங்கி எரிபொருளாகவோ மூலப்பொருளாகவோ பயன்படுத்தும் ஆலையையும் இதில் பங்காளி ஆக்கிவிட்டார்கள். டிராக்டர், அடித்தாளை வெட்டும் கருவி, வைக்கோலை வரிசையாகக் கூட்டும் ரேக், கட்டு கட்டும் பேலர், ஏற்றி இறக்கும் லோடர் எல்லாம் சேர்த்து 1 கோடி ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். அரசு 65 லட்சம், ஆலை 25 லட்சம், விவசாயிகள் குழுவோ ஊராட்சியோ 10 லட்சம். சேரும் வைக்கோலை எடுத்துக்கொள்ளும் முதல் ஆள் அந்த ஆலைதான். பத்து வீடு சேர்ந்தால் தலைக்கு 1 லட்சம். தனியாக யாரும் தொட முடியாத மெஷின் ஊருக்கு வந்துவிடும்.

சரி, எதற்கு மானியம் இல்லை? நடைமுறைச் செலவுக்கு இல்லை. அதை ஆலையும் குழுவும் சேர்ந்து போடலாம், அல்லது வேளாண் உள்கட்டமைப்பு நிதி, நபார்டு (விவசாய, ஊரக வளர்ச்சி வங்கி), மற்ற வங்கிகள் என்று கடனுக்குப் போகலாம். கட்டுகளை அடுக்கும் இடமும் குழுவின் பொறுப்பு. இதைச் சின்ன விஷயமாக எண்ணிவிடக் கூடாது. ஈரத்தோடு கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறி மக்கும், பூசணம் பிடிக்கும். தண்ணீர் தேங்காத மேட்டு நிலம் வேண்டும், மேலே தார்ப்பாய் வேண்டும்.

விண்ணப்பத்துக்கு ஒப்புதல் தருவது மாநில அரசு. அதற்கு முன் ஆலைக்கும் குழுவுக்கும் ஒப்பந்தம் ஆக வேண்டும். டன்னுக்கு என்ன விலை, ஈரம் எத்தனை சதவீதம் வரை ஏற்பார்கள், பணம் எத்தனை நாளில் வரும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, உறுப்பினர்கள் எல்லோர் முன்னாலும் ஒரு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.