ஊபர்ஃப்ரெம்டுங்: எண்ணிக்கையா, அச்சமா?

சுவிட்சர்லாந்தின் குடிவரவு அரசியலைத் தமிழில் எழுதப் புகுவோரைத் தடுமாற வைக்கும் ஜெர்மன் சொல் ‘ஊபர்ஃப்ரெம்டுங்’. இதில் ‘ஊபர்’ மிகையைக் குறிக்கும். ‘ஃப்ரெம்டு’ அந்நியத்தைக் குறிக்கும். ‘உங்’ தொழிற்பெயர் விகுதி. சேர்த்துப் படித்தால் ‘அந்நியம் மிகுதல்’ என்றாகும்.

1900-இல் சூரிச் நகரின் ஏழையர் உதவித்துறைச் செயலாளர் கார்ல் ஆல்ஃபிரட் ஷ்மிட் எழுதிய சிறுநூலில் இச்சொல் வெளிநாட்டாரைப் பற்றிய பேச்சில் நுழைந்தது. ஜெர்மனியிலோ, 1929-ஆம் ஆண்டின் டூடன் அகராதி அளவுக்கு மீறிய வெளிநாட்டுப் பணத்தை ஏற்பதையே இதன் பொருளாகத் தந்தது. 1934-இல், நாஜி ஆட்சியின் கீழ், அப்பொருள் வேற்றினத்தார் ஊடுருவலாக மாறியது. பணத்துக்கு இருந்த சொல் மனிதர்மேல் ஏறிய இந்த மாற்றத்தை மொழிபெயர்ப்பவர் மறக்கலாகாது.

சுவிட்சர்லாந்தின் 1931-ஆம் ஆண்டு வெளிநாட்டார் சட்டம், வதிவிட அனுமதி வழங்கும்போது ‘ஊபர்ஃப்ரெம்டுங்கின் அளவையும்’ கருதவேண்டும் என்றது. அளவு என்றதும் வெப்பநிலையைப்போல அளந்து காட்டக்கூடிய ஒன்று என்ற எண்ணம் எழுகிறது. ஆனால் எத்தனை பேர் வந்தால் மிகை என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

இச்சொல்லின் அரசியல் வலிமை 1970 ஜூன் 7 அன்று வெளிப்பட்டது. அணைகளிலும் சுரங்கப்பாதைகளிலும் உழைத்த இத்தாலியர் பெருகியிருந்த காலத்தில், ஒவ்வொரு மாநிலத்திலும் வெளிநாட்டார் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது (ஜெனீவாவுக்கு மட்டும் 25) என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் ஷ்வார்ட்சன்பாக் கொண்டுவந்த முன்மொழிவு பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. 54 விழுக்காட்டினர் மறுத்தனர், 46 விழுக்காட்டினர் ஆதரித்தனர். பெண்களுக்குக் கூட்டாட்சி வாக்குரிமை 1971-இல்தான் கிடைத்ததால், மக்கள் கருத்து என்று எண்ணப்பட்டது ஆண்களின் கருத்து மட்டுமே. முன்மொழிவு தோற்றது உண்மை. ஆனால் அதன் அழுத்தத்தை உணர்ந்த கூட்டாட்சி அரசு, வாக்கெடுப்புக்குச் சில மாதங்கள் முன்பே, புதிதாக வரும் தொழிலாளருக்கு ஆண்டு உச்சவரம்பு விதித்துவிட்டது. பொதுமக்கள் கருத்து வெல்லாமலேயே சட்டத்தை வளைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இனி, தமிழ்ச்சொல். ‘அந்நியமாதல்’ பொருந்தாது; அது மனிதன் தன் உழைப்பிலிருந்து விலகும் நிலையைச் சுட்டும் வேறொரு கலைச்சொல். ‘வெளிநாட்டார் பெருக்கம்’ வெறும் கணக்கு. அதில் அச்சம் இல்லை. ‘அயலார் மிகை’ அழகாக ஒலித்தாலும், அயலார் என்பது நமக்கு அண்டை வீட்டாரும்தான்; அந்த நெருக்கம் ‘ஃப்ரெம்டு’ என்பதில் அறவே இல்லை. ஆகவே ‘அந்நியர்மிகை அச்சம்’ என்பதே என் பரிந்துரை. ஜெர்மனியில் 1993-இல் இச்சொல்லை ஆண்டின் தகாச்சொல்லாக (பொதுப்பேச்சில் தகாதது என்று கண்டிக்கப்படும் சொல்லாக) அறிவித்ததையும் கருத்தில் கொண்டால், அச்சம் என்ற பகுதியை விட்டுவிடுவது அதன் வாதத்தை நாமே ஏற்பதாகிவிடும்.

1931-ஆம் ஆண்டுச் சட்டம் 2007 இறுதிவரை நடைமுறையில் இருந்தது. 1980-களில் இலங்கையிலிருந்து தஞ்சம் தேடி வந்த தமிழரும் அச்சட்டம் நிலவிய நாட்டில்தான் வாழ்வைத் தொடங்கினர். அச்சட்டத்தின் வாசகத்தை மேற்கோள் காட்டும் இடத்தில் மட்டும், ஒற்றை மேற்கோள் குறிக்குள், ‘அந்நியர்மிகை’ என்று எழுதலாம். மற்ற எல்லா இடங்களிலும் ‘அந்நியர்மிகை அச்சம்’ என்றே எழுதுக.