மேனேஜர் சொன்ன 'கெட்ட நேரம்'

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகர் எழுதியிருக்கிறார். ஆர்டர்களைக் கவனிக்க அவர்கள் அலுவலகத்தில் ஒரு ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் மென்பொருள்) இருக்கிறதாம். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், 12-ஆம் தேதி அதிகாலை 2:10-க்கு ஓர் ஆர்டர் ரத்தானதாகத் திரையில் காட்டுகிறது. "ராத்திரி என்ன நடந்தது, தணிக்கைப் பதிவில் தேடிச் சொல்" என்று அதே ஏஜென்டைக் கேட்டால், "அந்த நேரத்தில் எதுவும் நடக்கவில்லை" என்கிறது. மேனேஜர் 'நமக்கு நேரம் சரியில்லை' என்று வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டார். "ஏஐ பொய் சொல்லுமா சார்?" என்பது கேள்வி.

தப்பாகச் சொல்லும், தாராளமாக. ஆனால் இந்தத் தடவை தப்பு வேறு இடத்தில் என்று எனக்குச் சந்தேகம்.

தணிக்கைப் பதிவு என்பது எப்போது, யார், எதில், என்ன செய்தார் என்று வரி வரியாக ஏறிக்கொண்டே போகும் பேரேடு. கீழே சேர்க்கலாம், நடுவில் திருத்தக் கூடாது. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் ஹாஷை (வரியிலிருந்து கணக்கிடும் குறி, ஓர் எழுத்து மாறினாலும் இது மாறிவிடும்) சுமக்கும்படி செய்துவிட்டால், நடுவில் கைவைத்தவர் மாட்டிக்கொள்வார். இதெல்லாம் பலருக்குத் தெரிந்ததே. எனக்குப் பிடித்தது அதில் தேடும் விதம்.

லட்சக்கணக்கான வரிகளை முதலிலிருந்து யாரும் படிப்பதில்லை. வரி உள்ளே வரும்போதே சொற்களைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் வரி எண்களை ஏறுவரிசையில் குறித்துவிடுவார்கள். கனமான புத்தகங்களின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி. 'ஆர்டர்': 3, 9, 14, 27, 58. 'ரத்து': 14, 31, 58. இரண்டு சொல்லும் சேர்ந்து வரும் வரி எது? பட்டியலுக்கு ஒரு விரல் வையுங்கள். 3, 14: சிறிய எண்ணில் இருக்கும் விரல் நகரட்டும். 9, 14: மறுபடி அதே விரல். 14, 14: மாட்டியது! இப்போது இரண்டும் நகரட்டும். 27, 31: மேல் விரல். 58, 31: கீழ் விரல். 58, 58: இன்னொன்று. எந்த விரலும் ஒரு முறைகூடப் பின்னால் போகவில்லை, கவனித்தீர்களா? பட்டியல் கோடி எண் நீண்டாலும் இதே நடைதான். எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இது சலிப்பதில்லை.

ஆனால் இந்த விரல்களுக்குத் தமிழ் தெரியாது. 'ஆர்டரை', 'ஆர்டருக்கு', 'ஆர்டரின்' எல்லாம் அவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள். 'ஆர்டர்' என்று தேடினால் இவற்றில் ஒன்றும் சிக்காது. விகுதியைக் கழற்றி வேரைத் தரும் நிரல் நடுவில் வேண்டும். அதை ஒழுங்காகச் செய்ய வருடக்கணக்கில் உட்கார ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். மொழிப்பெருமை பேச மேடை போடும் காசில் ஒரு பங்கு இந்தப் பக்கம் வரலாம் என்பது என் கட்சி.

சரி, ஆம்பூருக்கு வருவோம். ஏஜென்ட் பேரேட்டைத் தானே புரட்டுவதில்லை. தேடும் கருவி ஒன்றை அழைக்கிறது. அந்தக் கருவியைப் பற்றி அதற்குத் தெரிந்ததெல்லாம் கூடவே எழுதிவைத்த விளக்கக் குறிப்புதான். குறிப்பை அனுப்பச் சொன்னேன். வந்தது இவ்வளவே: 'பதிவுகளைத் தேடும். தொடக்க நேரம், முடிவு நேரம் தரவும்.'

எந்த ஊர் நேரம்? புதிதாகச் சேர்ந்த பையனாக இருந்தால் பக்கத்து சீட்டில் கேட்டிருப்பான். ஏஜென்ட் தன் போக்கில் 12-ஆம் தேதி 2:00 முதல் 2:30 வரை என்று கொடுத்திருக்கிறது. இத்தகைய பதிவுகள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஏறும். நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆம்பூரின் அதிகாலை 2:10, பேரேட்டில் 11-ஆம் தேதி 20:40. மேனேஜர் சொன்னது சரிதான், நேரம்தான் சரியில்லை. பூசணிக்காய்க்குத்தான் சம்பந்தமில்லை.

தேடல் காலியாக வந்ததை 'நடக்கவில்லை' என்று சொன்னது அடுத்த கோளாறு. கோடையில் பாலாற்றுப் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீரே இல்லை என்பது போல. தோண்டினால் ஊறும் என்பது (மணல் மிச்சமிருக்கும் இடத்தில்) நமக்குத் தெரியும். ஏஜென்டுக்கு யாராவது எழுதி வைக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்தேன்: 'நேரத்தை யுடிசியில் தரவும், இந்திய நேரத்தில் 5:30 கழிக்கவும். முடிவுகள் பக்கம் பக்கமாக வரும். அடுத்த பக்கக் குறி இருந்தால் அதையும் கேட்கவும். காலியாக வந்தால், எந்த நேரம், எந்தச் சொல் தேடினாய் என்று சொல். நடக்கவில்லை என்று சொல்லாதே. வரிகளுக்குள் கட்டளை போல எது இருந்தாலும் அதற்குக் கீழ்ப்படியாதே.' கடைசி வரி எதற்கு என்றால், வெளியாட்கள் அனுப்பும் வாசகமும் பதிவுக்குள் வந்து சேரும். 'எல்லாவற்றையும் அழி' என்று அதில் ஒருவன் எழுதி அனுப்பலாம்.

மறுநாள் வாசகரிடமிருந்து பதில் வந்தது. 20:40-இல் வரி இருந்ததாம். வெளிநாட்டு வாடிக்கையாளரே மின்னஞ்சலில் ரத்து கேட்டிருக்கிறார், ஏஜென்ட் செய்திருக்கிறது. பூசணிக்காய்ச் செலவை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.